மாநிலம் தாண்டி வரும் சம்மன்



தீபாவளி முடிந்து ஒன்றிரண்டு மாதங்கள் ஆனதும், தோட்ட ஆபீசுக்கு வரும் கடிதக் கட்டில் ஒரு வகைக் கடிதம் கலந்து வரத் தொடங்கும். மலாய் மொழியில் அச்சடித்த அந்தத் தாளில் வண்டியின் எண்ணும், தேதியும், நேரமும், ஏதோ ஒரு சாலையின் பெயரும், வண்டி சென்ற வேகமும் கண்டிருக்கும். அதை மடித்து எடுத்துக்கொண்டு பெற்றோர்கள் பள்ளிக்கூடத்துக்கு வருவார்கள். பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக் கொடுப்பதோடு, பெரியவர்களுக்குக் கடிதம் படித்துச் சொல்வதும் தோட்டப்பள்ளி ஆசிரியரின் வேலைகளில் ஒன்றாக இன்னும் இருந்துகொண்டுதான் இருக்கிறது.

படித்துச் சொன்ன பிறகு வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. "சார், இது ஜொகூர்ல வாங்குன சம்மன். நாம பேராக்ல இருக்கோம். இதைக் கட்டணுமா?" என்பது முதல் கேள்வி. "கட்டாம விட்டா இங்க யாருக்குத் தெரியப் போவுது?" என்பது அடுத்தது. மூன்றாவது கேள்வியைச் சற்றுத் தயங்கியே கேட்பார்கள்: "கட்டுனா அடுத்த வருஷம் இன்சூரன்ஸ் ஏறிடுமா?"

இந்த மூன்று கேள்விகளுக்கும் இன்று என்னால் இயன்ற வரையில் விளக்கம் கூற விரும்புகிறேன்.

முதலில் மாநில எல்லையைப் பற்றிய ஐயத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் நாட்டில் நிலமும் தண்ணீரும் மாநில அரசாங்கத்தின் கையில் இருக்கின்றன. ஆனால் சாலைப் போக்குவரத்து அப்படியல்ல. அது கூட்டரசு அரசாங்கத்தின் பொறுப்பு. முன்பு 1958ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் இருந்தது. இப்போது 1987ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. தாப்பாவில் எடுத்த லைசன்சும் குளுவாங்கில் எடுத்த லைசன்சும் ஒரே இலாகா கொடுத்தவைதாம். போலீஸ் படையும் நாடு முழுவதற்கும் ஒன்றே. உங்கள் அடையாள அட்டை எண்ணைத் தட்டினால், எந்த மாநிலத்தில் வாங்கிய சம்மனும் எந்த ஊர் முகப்பிலும் தெரியும். ஆகவே, "வெளி மாநிலச் சம்மன்" என்று தனியாக ஒன்று இந்த நாட்டில் கிடையாது.

அமெரிக்காவில் இதே கேள்வி எழுந்தால் விளக்கம் கொஞ்சம் நீளும். அங்கே ஒவ்வொரு மாநிலமும் தன் லைசன்சைத் தானே கொடுக்கிறது. தன் பதிவேட்டைத் தானே வைத்துக்கொள்கிறது. ஒரு மாநிலத்துக்காரர் மற்றொரு மாநிலத்தில் குற்றம் செய்தால், செய்தி அவருடைய சொந்த மாநிலத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே பெரும்பாலான மாநிலங்கள் 1960களில் இருந்து தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கின்றன. அங்குள்ள காப்புறுதி நிறுவனங்கள் அந்தப் பதிவேட்டைப் பார்த்து, வேகமாக ஓட்டியவரிடம் கூடுதல் கட்டணம் வாங்குவது வழக்கம். "சம்மன் வந்தால் இன்சூரன்ஸ் ஏறும்" என்ற பேச்சு பலருக்கு அங்கிருந்து வந்ததாகவே இருக்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் தொலைபேசியில் சொன்னது, இங்கே வரும்போது நம் நாட்டுச் சட்டம் போல ஆகிவிடுகிறது.

அப்படியானால் இங்கே என்னதான் நடக்கிறது? காமிரா வைத்துப் பிடித்த சம்மன், வண்டியை ஓட்டியவரைத் தேடி வருவதில்லை. காமிராவுக்குத் தெரிவது நம்பர் பலகை. அந்த நம்பர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்கே கடிதம் வரும். அந்த நேரத்தில் ஓட்டியவர் யார் என்று அதிகாரிகள் கேட்டால், உரிமையாளர் தெரிவித்தாக வேண்டும் என்று சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்கிறது. தோட்டத்தில் இது சாதாரணமாகத் தோன்றும் சங்கதி அல்ல. இங்கே மோட்டார் சைக்கிள் பாதி அப்பா பெயரில் இருக்கிறது, ஓட்டுவது மகன். இன்னும் சில வண்டிகள் கை மாறி மூன்று பேர் ஆகிவிட்டன. கிராண்டில் மட்டும் முதல் ஆளின் பெயர் அப்படியே இருக்கிறது. ஐந்நூறு வெள்ளிக்குப் பழைய வண்டியை விற்றுவிட்டு, பெயர் மாற்றச் செலவாகுமே என்று விட்டுவிட்டவர், பிறகு தான் போயிராத ஊரில் இருந்தெல்லாம் சம்மன் பெறுகிறார். பெயர் மாற்றாமல் விற்பதைப் போல வீண் வம்பு வேறொன்றும் இல்லை என்பது என் கருத்து.

வேக வரம்பு நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர், கூட்டரசுச் சாலைகளிலும் மாநிலச் சாலைகளிலும் பொதுவாக 90, ஊருக்குள் 60. பழைய ஒன்றாம் எண் சாலையில் பீடோர், தாப்பா வழியாகப் போகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 90 என்ற பலகையைத் தாண்டிய சற்று நேரத்தில் 60 என்ற பலகை வந்து நிற்கும். பெருநாள் காலங்களில் 90 என்றிருந்த சாலைகளில் 80 ஆகக் குறைப்பதும் உண்டு. அந்தச் செய்தியை வானொலியில் சொல்வார்கள். வண்டியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் காதில் விழாது.

வேகத்துக்கான கம்பவுண்ட் 150 வெள்ளியில் இருந்து 300 வெள்ளி வரை. அதைக் கட்டிவிட்டால் வழக்கு இல்லை. கட்டாமல் நாள்பட விட்டால் அது வழக்கு மன்றத்துக்குப் போகும்; அங்கே அபராதம் இரண்டாயிரம் வெள்ளி வரை ஏறலாம். கூப்பிட்ட தேதியில் போகாதவர் பெயரில் வாரண்டு பிறக்கலாம். இடையிடையே அரசாங்கம் தள்ளுபடி அறிவித்ததால், "பாதி விலைக்கு விடுவான், அப்பக் கட்டலாம்" என்று காத்திருக்கும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. சீக்கிரம் கட்டுகிறவருக்கே அதிகக் கழிவு என்ற முறை 2026 ஜனவரியில் நடப்புக்கு வந்தது. இனிமேல் காத்திருப்பதில் லாபம் இல்லை.

பணத்தோடு இன்னொரு கணக்கும் இருக்கிறது. அதை நம் வீடுகளில் பலர் கவனிப்பதில்லை. 'கெஜாரா' என்ற முறையின்படி, குற்றத்துக்கு ஏற்ப ஓட்டுநரின் பெயரில் குறைப்புள்ளிகள் பதியப்படுகின்றன. சிவப்பு விளக்கைத் தாண்டினால் 4 புள்ளிகள். வேக வரம்பை அதிகமாக மீறினாலும் புள்ளி உண்டு. கம்பவுண்டைக் கட்டும்போதோ, நீதிமன்றத்தில் குற்றம் நிரூபணமாகும்போதோ அந்தப் புள்ளி ஏறும். முழு லைசன்ஸ் வைத்திருப்பவருக்கு 20 புள்ளிகள் சேர்ந்தால் எச்சரிக்கைக் கடிதம் வரும். அதற்கு மேல் ஏற ஏற லைசன்ஸ் சில மாதங்களுக்குப் பறிக்கப்படும், திருந்தாதவருக்கு ரத்தாகும். ஆனால் புதிதாக லைசன்ஸ் எடுத்து, வண்டியில் 'பி' எழுத்தை ஒட்டிக்கொண்டு இரண்டு ஆண்டுகள் ஓட்ட வேண்டிய இளைஞருக்கு 20 புள்ளியே எல்லை. அதை எட்டினால் லைசன்ஸ் போய்விடும். ஐந்து முறை சிவப்பு விளக்கைத் தாண்டினால் அந்தக் கணக்கு முடிந்தது. தோட்டத்தில் வளர்ந்து, தொழிற்சாலையிலோ பொருள் விநியோகத்திலோ வேலை தேடிப் பட்டணத்துக்குப் போகும் பிள்ளைக்கு, லைசன்ஸ் என்பது சோற்றுத்தட்டு. லாரி ஓட்ட, பஸ் ஓட்ட ஆசைப்படுகிறவனுக்கு அது இன்னும் பெரிது.

இனிக் காப்புறுதிக்கு வருவோம். இங்கே இரண்டு தவறான எண்ணங்கள் உலவுகின்றன. சம்மன் ஒன்று வந்தவுடன் காப்புறுதிக் கட்டணம் ஏறிவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். சம்மனுக்கும் காப்புறுதிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று வேறு சிலர் அடித்துச் சொல்கிறார்கள்.

காப்புறுதிக் கட்டணத்தில் நமக்குக் கிடைக்கும் பெரிய சலுகை, என்.சி.டி. எனப்படும் கழிவு. ஓர் ஆண்டு முழுவதும் இழப்பீடு கேட்காமல் இருந்தவருக்கு அடுத்த ஆண்டு கட்டணத்தில் குறைத்துக்கொள்கிறார்கள். காருக்கு முதலாம் ஆண்டில் 25 விழுக்காடு, பிறகு 30, அதன்பின் 38.33, பிறகு 45, ஐந்தாம் ஆண்டில் இருந்து 55 விழுக்காடு. மோட்டார் சைக்கிளுக்கு 15, 20, 25. கழிவுக்கு முன் ஒரு காரின் கட்டணம் ஆயிரம் வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாண்டு ஒழுங்காக இருந்தவர் 450 வெள்ளிதான் கட்டுவார். அவர் தன் தவறால் ஒரு விபத்தை உண்டாக்கி இழப்பீடு கேட்டுவிட்டால், அடுத்த ஆண்டு கழிவு பூஜ்யமாகி ஆயிரம் வெள்ளியும் கட்ட வேண்டும். மீண்டும் 55 விழுக்காட்டுக்கு ஏறி வர ஐந்து ஆண்டுகள் பிடிக்கும். பின்னால் வந்தவன் இடித்து, தவறு முழுவதும் அவனுடையது என்று போலீஸ் விசாரணையில் தெரிந்தால் கழிவு போகாமல் காப்பாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. அதற்காகத்தான் விபத்து நடந்த 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் கொடுக்க வேண்டும் என்பதை மறக்கக்கூடாது. சாலையோரத்தில் நின்று இருநூறு வெள்ளியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டால், பிறகு நம் பக்க நியாயத்துக்கு ஆதாரம் இருக்காது.

இந்தக் கழிவு இழப்பீட்டுக் கோரிக்கையைப் பொறுத்தது. சம்மனைப் பொறுத்ததல்ல. நூறு சம்மன் இருந்தாலும் இழப்பீடு கேட்காதவருக்குக் கழிவு அப்படியே இருக்கும். இன்னொன்று: கழிவு பாலிசி வைத்திருப்பவருடையது, ஓட்டியவருடையதல்ல. மகன் அப்பாவின் காரை எடுத்துப் போய் இடித்தால், ஐந்தாண்டாக அப்பா சேர்த்து வைத்த கழிவுதான் கரையும். 21 வயதுக்கு உட்பட்டவரோ, பி லைசன்ஸ் உள்ளவரோ, பாலிசியில் பெயர் எழுதப்படாதவரோ ஓட்டி, காருக்கு இழப்பீடு கேட்டால் முதல் 400 வெள்ளியை நாமே ஏற்க வேண்டும் என்ற நிபந்தனையும் வழக்கமாக உண்டு. பாலிசி எடுக்கும்போது மகனின் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

ஆனால் 2017 ஜூலை முதல் தேதியில் இருந்து ஒரு மாற்றம் வந்தது. அதுவரை எல்லா நிறுவனங்களும் ஒரே அட்டவணைப்படி கட்டணம் வாங்கின. அன்று முதல் முழுக் காப்புறுதிக்கும், தீ, திருட்டு சேர்ந்த காப்புறுதிக்கும் ஒவ்வொரு நிறுவனமும் ஆபத்தை எடைபோட்டுத் தன் கட்டணத்தைத் தானே முடிவு செய்யலாம் என்றானது. வண்டி நிறுத்தும் இடம், திருட்டுத் தடுப்புச் சாதனம் முதலியவற்றோடு, ஓட்டுநரின் போக்குவரத்துக் குற்றப் பதிவையும் அவர்கள் பார்க்கலாம் என்று அப்போதே விளக்கப்பட்டது. எனவே முதல் எண்ணத்திலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஒரே காருக்கு இரண்டு மூன்று நிறுவனங்களில் விலை கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் இருக்கும். மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் அந்த மாற்றத்தில் சேர்க்கப்படாமல் பழைய அட்டவணையிலேயே விடப்பட்டது. நம் தோட்டங்களில் ஓடும் மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவை அந்த வகையைச் சேர்ந்தவை.

கட்டணம் பத்தோ ஐம்பதோ ஏறுவதைப் பற்றி மட்டும் நான் கவலைப்படவில்லை. அதைவிடப் பெரிய ஆபத்து வேறு வழியாக வருகிறது. கட்டாத சம்மன்கள் சேர்கின்றன. சாலை வரியோ லைசன்சோ புதுப்பிக்கப் போகும்போது, பெயர் கறுப்புப் பட்டியலில் இருப்பதாகத் திருப்பி அனுப்புகிறார்கள். "சாலை வரியே கிடைக்கல, எதுக்கு இன்சூரன்ஸ்?" என்று வீட்டுக்கு வந்துவிடுகிறார் அவர். வண்டி நிற்பதில்லை. காலையில் பால் வெட்டப் போக வேண்டும், செம்பனைக் காட்டுக்குப் போக வேண்டும், பிள்ளையைப் பள்ளியில் விட வேண்டும். காப்புறுதி இல்லாத வண்டி தோட்டத்துச் செம்மண் சாலையில் இருந்து பெரிய சாலைக்கு ஏறுகிறது.

மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் சாலையில் வண்டி ஓட்டுவதைச் சட்டத்தின் 90ஆம் பிரிவு தடுக்கிறது. குற்றம் நிரூபணமானால் ஆயிரம் வெள்ளி வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். ஓராண்டுக்கு லைசன்ஸ் தகுதியையும் இழக்க நேரும். இதைவிடக் கடுமையானது அந்த வண்டி ஒருவரை இடித்துவிட்டால் வருவது. இடிபட்டவர் கை கால் இழந்தவராகவோ, குடும்பத்தைக் காப்பாற்றும் ஒரே ஆளாகவோ இருக்கலாம். நீதிமன்றம் தீர்மானிக்கும் நஷ்டஈடு ஆயிரக்கணக்கில், சில சமயம் இலட்சக்கணக்கில் போகும். காப்புறுதி இருந்தால் நிறுவனம் கொடுக்கும். இல்லாவிட்டால் ஓட்டியவர் கொடுக்க வேண்டும். தோட்டத்துச் சம்பளத்தில் அது ஆயுள் முழுவதும் தீராத கடன்.

காப்புறுதி இருந்தும் காப்பாற்றாத நிலை ஒன்று உண்டு. பாலிசித் தாளில், வண்டியை ஓட்டுகிறவர் சட்டப்படி ஓட்ட அனுமதி பெற்றவராகவும் தடை செய்யப்படாதவராகவும் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். குறைப்புள்ளிகள் சேர்ந்து லைசன்ஸ் பறிக்கப்பட்ட பிள்ளை, "பக்கத்துக் கடைக்குத்தானே" என்று வண்டியை எடுத்து விபத்தில் மாட்டிக்கொண்டால், வண்டிக்கான இழப்பீட்டை நிறுவனம் மறுக்கலாம். இடிபட்டவருக்குக் கொடுத்த தொகையையும் பிறகு நம்மிடம் திரும்பக் கேட்கலாம். சம்மனும் காப்புறுதியும் உண்மையில் சந்திக்கும் இடம் இதுதான். லைசன்ஸ் எடுக்காத பதினைந்து வயதுப் பையன்களிடம் வண்டியைக் கொடுக்கும் பெற்றோர்களும் இதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

மூன்றாம் தரப்பு என்ற சொல்லிலேயே ஒரு விஷயம் அடங்கியிருக்கிறது. அது பிறருக்கான காப்பு. வண்டி ஓட்டி விழுந்தவருக்கு அதிலிருந்து ஒன்றும் வராது. வேலைக்குப் போகும் வழியிலோ, வேலை முடிந்து நேராக வீடு திரும்பும் வழியிலோ விபத்து நேர்ந்தால், 1969ஆம் ஆண்டின் சட்டப்படி பெர்க்கேசோ உதவி உண்டு. நம்மவர்கள் பலர் அதைக் கேட்காமலேயே விட்டுவிடுகிறார்கள். சந்தா கட்டிய தொழிலாளி அதைக் கேட்பது அவருடைய உரிமை.

ஜொகூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்த பிள்ளைகள் விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள். அங்கே வாங்கும் சம்மன் உண்மையிலேயே வெளிநாட்டுச் சம்மன். நம் கெஜாரா புள்ளிகள் நம் நாட்டுச் சட்டத்தின் கீழ் வருபவை. சிங்கப்பூரின் புள்ளிக் கணக்கு தனி. அதனால் கட்டாமல் விடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். சாலைக் குற்றத்துக்கும், வாகனம் நிறுத்தும் குற்றத்துக்கும், புகை விடும் குற்றத்துக்கும் பாக்கி வைத்த வெளிநாட்டு வண்டிகளை 2019 ஏப்ரல் முதல் தேதியில் இருந்து சோதனைச் சாவடியிலேயே திருப்பி அனுப்ப ஆரம்பித்தார்கள். வேலைக்குப் போகும் வண்டி திரும்பினால் அன்றைய சம்பளமும் திரும்பிப் போகும். நம் பக்கத்திலும் 2025 ஜூலையில் இருந்து, நுழைவு அனுமதி எடுக்காத சிங்கப்பூர் வண்டிகளுக்கு 300 வெள்ளி அபராதம் விதிக்கிறார்கள். இரு நாட்டுக்கும் இந்தப் பாக்கி பெரிய தலைவலியாக இருந்ததே காரணம். நம் வாகனப் பாலிசிகள் பொதுவாகச் சிங்கப்பூரிலும் புருணையிலும் செல்லுபடியாகும். தாய்லாந்துக்கு அப்படியல்ல, புறப்படும் முன் அதற்குத் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும்.

சிங்கப்பூரில் ஒரு நல்ல வழக்கத்தையும் சொல்ல வேண்டும். மூன்று ஆண்டுகள் ஒரு குறைப்புள்ளியும் பெறாத ஓட்டுநருக்குப் போக்குவரத்துப் போலீசார் நற்சான்று கொடுக்கிறார்கள். அதைப் பார்த்துப் பல காப்புறுதி நிறுவனங்கள் வழக்கமான கழிவோடு இன்னும் 5 விழுக்காடு குறைத்துக்கொள்கின்றன. ஒழுங்காக ஓட்டுகிறவனுக்குக் கையில் காசாகப் பலன் தெரிகிறது. நம் நாட்டிலும் இப்படி ஒன்று வெளிப்படையாக இருந்தால், பையன்களிடம் வேகத்தைப் பற்றிப் பேசுவது எனக்கு எளிதாக இருக்கும்.

சம்மன் இருக்கிறதா என்று பார்க்க இப்போது வரிசையில் நிற்க வேண்டியதில்லை. போலீசாரின் 'மை பயார்' வழியாகவும், சாலைப் போக்குவரத்து இலாகாவின் 'மை ஜேபிஜே' வழியாகவும் கைப்பேசியிலேயே பார்த்துவிடலாம். பார்க்கத் தெரியாதவர்கள் ஆறாம் ஆண்டுப் பிள்ளையிடம் கேட்டால் இரண்டு நிமிடத்தில் எடுத்துக் கொடுப்பான். ஆனால் ஒன்று: "உங்களுக்கு ஒரு சம்மன் இருக்கிறது, இந்த இடத்தைத் தொட்டு உடனே கட்டுங்கள்" என்று கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்திகளைத் தொட வேண்டாம். அப்படித் தொட்டு வங்கிப் பணத்தைப் பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள். சந்தேகமாக இருந்தால் வண்டியின் எண்ணையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு பக்கத்துப் போலீஸ் நிலையத்துக்கோ தபால் நிலையத்துக்கோ நேரில் போய்க் கேளுங்கள். பணம் கட்டியதும் ரசீதை வாங்கி, கிராண்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.